பட்டினமா, கோட்டையா? – குடிபெயர்வோர் கருதத்தக்கன

பணி மாற்றம், பிள்ளைகளின் கல்வி, பெற்றோரின் முதுமை, ஓய்வுக்காலம் என ஏதேனும் ஒரு காரணத்தால் ஊர்விட்டு ஊர் செல்லுதல் நம்மில் பலர்க்கும் நேர்கிறது. ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கு இது புதிதன்று. பெருநகரத்துக்குச் செல்வோர் எந்தத் தெருவில் குடியிருப்பது என்று ஆராய்வர். சிறுநகரத்துக்குச் செல்வோர்க்கு எழும் வினா வேறு. பணியிடம் ஓர் ஊரில் இருக்கும்; அதன் அண்மையில் சற்றே பெரிய மற்றோர் ஊரும் இருக்கும். இவ்விரண்டில் எங்கே வீடு பார்ப்பது? பலர் வாடகையை மட்டும் ஒப்பிட்டு இதற்கு விடை கண்டுவிடுகின்றனர். ஓராண்டு கழிந்த பின்னரே, கணக்கில் விடுபட்டவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த பட்டுக்கோட்டையையும் அதிராம்பட்டினத்தையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம். இரண்டுக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 12 கி.மீ. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முன்னதில் ஏறத்தாழ 73,000 பேரும், பின்னதில் ஏறத்தாழ 31,000 பேரும் வாழ்ந்தனர். ஒன்று நெடுங்கால நகராட்சி; மற்றொன்று பேரூராட்சியாக இருந்து 2021இல் நகராட்சியாக உயர்ந்தது.

தமிழ் பயில்வோர்க்கு ஓர் ஊரை ஆராயும் முறையைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. முதல், கரு, உரி எனத் தொல்காப்பியர் வகுத்த மூன்றும் நம் கையில் உள்ளன. பாடலை ஆராய்வதற்கு வகுத்த முறையே குடியிருப்பை ஆராய்வதற்கும் பொருந்தி வருதலைக் காணலாம்.

பெயர் காட்டும் வழி

'பட்டினம்' என்பது கடற்கரை ஊரைக் குறிக்கும் ஈறு. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், காயல்பட்டினம் ஆகியன இதற்குச் சான்று. 'கோட்டை' என்பது நிலத்தைக் காத்த அரணைக் குறிப்பது. தென்காசிப் பாண்டியருள் ஒருவரும் 'நைடதம்' பாடியவருமான அதிவீரராம பாண்டியரின் பெயரால் அதிராம்பட்டினம் அமைந்தது என்பர். பட்டினம் கடலை நோக்கியது. கோட்டை உள்நாட்டை நோக்கியது. இவ்வேறுபாடு பெயரளவில் நில்லாமல் இன்றைய வாழ்க்கையிலும் தொடர்கிறது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். அதிராம்பட்டினம் தெளிந்த நெய்தல் நிலம். பாக்கு நீரிணையின் ஆழமற்ற கடலும், சேற்றுக் கரையும், உப்பளங்களும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் தொடர்ச்சியும் அதன் அடையாளங்கள். பட்டுக்கோட்டையோ பழைய மருதம் அன்று. வானம் பார்த்த மேட்டு நிலமாயிருந்த அப்பகுதி, 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றதையொட்டி வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால் நீர்வளம் பெற்றது. அக்கால்வாயை மக்கள் இன்றும் 'புது ஆறு' என்றே வழங்குகின்றனர். நெல்லோடு தென்னையும் செழித்தது அதன்பின்னரே.

குடிபெயர்வோர்க்கு நிலம் என்பது முதலாவதாகக் குடிநீர். கடலோர ஊர்களில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்குமிடத்து உப்புநீர் உட்புகுதல் இயல்பு. ஆகவே வீட்டுக் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ ஆராய்வதற்கு உரிய பொழுது கார்த்திகை அன்று, சித்திரை, வைகாசியே. வடகிழக்குப் பருவமழையில் எந்நீரும் இனிக்கும். இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தர அளவு, கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை ஏற்கலாம் என்றும் கூறுகிறது. முன்பணம் கொடுக்குமுன் ஒரு புட்டி நீரை ஆய்வகத்துக்கு அனுப்புதல் அறிவுடைமை.

இரண்டாவது காற்று. உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றும். சாளரக் கம்பிகளும் மிதிவண்டியும் முதலில் அதனை உணர்த்தும். பழைய காரை வீட்டின் தளத்தில் விரிசலும் துருக்கறையும் உள்ளனவா என்று அண்ணாந்து பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது புயல். கடலிலிருந்து 12 கி.மீ. தள்ளியிருத்தலே காப்பாகும் என எண்ணுவோர் உளர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன; பல நாள்கள் மின்சாரம் இல்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலோ, இலங்கைத் தீவு இடையில் மறைத்தமையால் நாகப்பட்டினக் கரை அடைந்த பேரழிவு அதிராம்பட்டினக் கரைக்கு நேரவில்லை. காற்று இரண்டு ஊர்களையும் ஒன்றாகவே நடத்தும்; கடல்நீர் ஏற்றம் மட்டுமே பட்டினத்துக்குத் தனியே உரிய இடர். எனவே ஊரைக் காட்டிலும் வீடு அமைந்த இடத்தின் மேடு பள்ளமே இதில் பெரிதும் கருதத்தக்கது.

கருப்பொருள்: ஊரில் உள்ளன

உணவு, தொழில், கருவி போன்றவற்றைக் கருப்பொருள் என்பர். இன்றைய ஊருக்குப் பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு, பேருந்து நிலையம் ஆகியனவும் கருப்பொருள்களே.

பட்டுக்கோட்டை வட்டத் தலைமையிடம். வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், அரசு மருத்துவமனை, தேங்காய் வணிகம், பல திசைகளுக்கும் புறப்படும் பேருந்துகள் எல்லாம் அங்கே உள்ளன. தஞ்சாவூர் அங்கிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. பெருமருத்துவத்துக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரியை நாடும் அதிராம்பட்டினத்தார் பட்டுக்கோட்டையைக் கடந்தே செல்ல வேண்டும். அதிராம்பட்டினத்தில் 1955இல் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி உண்டு. அன்றாடம் கரைக்கு வரும் மீனும், நடந்தே சென்று திரும்பத்தக்க கடைத்தெருவும், கரையோரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதன் நலன்கள். இருப்புப்பாதை இரண்டுக்கும் பொது. மீட்டர் பாதை 2012இல் மூடப்பட்டு, அகலப் பாதையாகி 2019இல் திருவாரூர் வரை மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் பெரும்பாலும் பேருந்தையே நம்பியிருந்தனர். ஆகவே ஒரு வசதி இல்லாத காலத்தில் அதற்கு மாற்று என்ன என்பதையும் சேர்த்தே கணக்கிடுதல் நலம்.

இப்பட்டியலை மட்டும் நோக்கின் பட்டுக்கோட்டையே முந்துவதாகத் தோன்றும். எனினும் ஓர் ஊரில் நூறு பொருள்கள் இருப்பினும் ஒரு குடும்பம் அன்றாடம் நாடுபவை ஐந்தோ ஆறோதான். ஊரில் உள்ளவற்றை எண்ணுவதினும் நாம் நாடுபவற்றை எண்ணுதலே முறை.

உரிப்பொருள்: தொலைவு யாருக்கு?

அகத்திணையில் நிலமும் கருவும் மக்களின் ஒழுக்கத்துக்குப் பின்புலமாகவே அமையும், உரிப்பொருளே சிறந்தது. குடிபெயர்தலிலும் இதுவே உண்மை. இரண்டு ஊர்களுள் எதைத் தேர்ந்தாலும் இடையிலுள்ள 12 கி.மீ. மறைந்துவிடப் போவதில்லை. குடும்பத்தில் யாரேனும் ஒருவர் அதனைக் கடந்தே ஆக வேண்டும். அது யார் என்பதைத் தீர்மானிப்பதே உண்மையான தேர்வு.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். கடற்கரைக் கல்லூரியில் பணியாற்றும் ஓர் ஆசிரியர், மனைவி, மேல்நிலை வகுப்பில் பயிலும் மகள், வாரம் இருமுறை பட்டுக்கோட்டை மருத்துவரிடம் செல்ல வேண்டிய தாய் என நால்வர் கொண்ட குடும்பம் அது. பட்டுக்கோட்டையில் குடியிருப்பின் ஆசிரியர் நாள்தோறும் 24 கி.மீ. செல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு விதித்த 180 கற்பித்தல் நாள்களுக்கு அது 4,320 கி.மீ. ஆகும். அதிராம்பட்டினத்தில் குடியிருப்பின் தாய்க்கு ஆண்டில் 104 பயணங்கள், அதாவது 2,496 கி.மீ. எண்ணை மட்டும் நோக்கின் இரண்டாவதே சிறிது.

ஆயின் எல்லாக் கல் தொலைவும் ஒரே எடையுடையன அல்ல. நாற்பது அகவையினர் காலை எட்டு மணிக்குப் பேருந்தில் அமர்ந்து செல்லும் தொலைவு வேறு. எழுபது அகவைத் தாய் மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டு படியேறும் தொலைவு வேறு. மாலை மங்கிய பின் தனிவகுப்பு முடித்துத் திரும்பும் மகளின் தொலைவு வேறு. நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவர்க்கு வண்டி தேடும் தொலைவோ எந்தக் கணக்கிலும் அடங்காது. தாயுடன் துணைக்குச் செல்பவரின் தொலைவும் உண்டு. அது பெரும்பாலும் எவராலும் எண்ணப்படுவதில்லை. இக்குடும்பத்துக்குப் பட்டுக்கோட்டையே பொருந்தும். 4,320 கி.மீ. சுமையைத் தாங்க வல்லவர் தாங்குதலே அறம்.

அதே கல்லூரியில் புதிதாகப் பணியேற்ற, தனித்து வாழும் இளைஞர் ஒருவர்க்கு விடை நேர்மாறாகும். அவர் அதிராம்பட்டினத்தில் தங்கினால் பயணத்தில் கழியும் பொழுது நூலகத்துக்கு உரியதாகும். மாலையில் ஐயம் கேட்க வரும் மாணவர்க்கும் அவர் எளிதில் கிட்டுவார். ஊர்கள் மாறவில்லை, தொலைவைச் சுமப்பவரே மாறினார்.

உரிப்பொருளில் அண்டை அயலாரும் அடங்குவர். அதிராம்பட்டினத்தில் ஆடவர் பலர் கடல் கடந்து பொருளீட்டச் செல்வதால் இல்லங்களைப் பெண்டிரே நடத்துகின்றனர். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அத்தகைய வீடு எளிதில் கைமாறுவதில்லை. பகலில் தனித்திருக்கும் பெண்ணுக்கு ஒருவரையொருவர் அறிந்த தெரு துணையாகவும் அமையும். புதியவரை நெடுநாள் விருந்தினராகவே கருதும் தெருவாகவும் அமையும். சந்தை ஊரான பட்டுக்கோட்டையில் வருவோரும் போவோரும் மிகுதி. அங்கே விரைவில் கலந்துவிடலாம், ஆயினும் நம்மைத் தேடி வந்து நலம் கேட்போர் குறைவாயிருத்தலும் கூடும்.

வீட்டை உறுதி செய்யுமுன்

வாடகைக்கு அமர்வோர் எழுத்துவடிவ ஒப்பந்தத்தைத் தவிர்த்தல் ஆகாது. 2017இல் இயற்றப்பெற்று 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு. மனை வாங்குவோர் பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் ஆகியவற்றோடு, கடலோரமாயின் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். நடுவணரசு 1991இல் வெளியிட்டு, பின்னர் 2011, 2019ஆம் ஆண்டுகளில் மாற்றியமைத்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டுமானத்துக்கு வரம்புகள் விதிக்கிறது. மலிவாகக் கிடைக்கும் மனை அவ்வரம்புக்குள் அமைந்திருத்தல் கூடும்.

வாய்ப்புள்ளோர் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கண்ட பின்னர் மனை வாங்குதல் சாலச் சிறந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நிலமும் பொழுதும், ஊரில் உள்ளனவும், மக்களும் என மூவகையாலும் ஊரை ஆராய வேண்டும் என்பது பெறப்படும். அவற்றுள் மக்களே தலையாயவர். நம் இல்லங்களில் வீடு பார்க்கச் செல்பவர் பெரும்பாலும் பொருளீட்டுபவரே. அவர் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புபவர். அவ்வூரில் பகற்பொழுதைக் கழிப்பவர் வேறு. ஆதலின் உறுதிமொழி கொடுக்குமுன் தாயையும் மனைவியையும் மக்களையும் இரண்டு ஊர்களுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்வோம். குழாய் நீரை அவர்கள் பருகட்டும். பேருந்துப் படியில் அவர்கள் ஏறிப் பார்க்கட்டும். கடைக்கும் மருத்துவரிடத்துக்கும் நடந்து பார்க்கட்டும். அதன்பின் அவர்கள் கூறும் சொல்லுக்கு நம் சொல்லினும் ஒரு படி கூடுதல் மதிப்பளிப்போம்.