வீட்டு நாயும் வெறிநோயும்

நம் கிராமங்களில் பசுவுக்கோ எருமைக்கோ வியாதி கண்டால் அன்றைய தினமே மிருக வைத்தியசாலைக்கு ஆள் வந்து சேருகிறது. நாய்க்கு வியாதி கண்டால் பெரும்பாலும் ஒருவரும் வருவதில்லை. பால் கொடாத பிராணி, விலை கொடுத்து வாங்காத பிராணி, மிஞ்சிய சோற்றைத் தின்று திண்ணையோரம் படுத்துக் கிடப்பது. அதற்கு வைத்தியம் எதற்கு என்று அநேகர் எண்ணுகின்றனர். மாட்டுக்கு வரும் வியாதிகளில் பெரும்பாலானவை மாட்டோடு போகின்றன. நாய்க்கு வரும் ஒரு வியாதியோ அவ்வீட்டுக் குழந்தையையும் கொண்டுபோகக் கூடியது. அதைப் பற்றியே சங்க அங்கத்தினர்களுக்கு இங்கே சில விஷயங்களை விளக்க விரும்புகிறேன்.

வெறிநோய், ஜலபயம், ரேபீஸ் என்பனவெல்லாம் ஒரே வியாதியின் பெயர்கள். இதற்குக் காரணமான நுண்கிருமி வெறிகொண்ட பிராணியின் உமிழ்நீரில் இருக்கிறது. கடிவாய் வழியாக உட்புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு, மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. சாதாரணமாக இதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை செல்லும். முகத்திலோ தலையிலோ கடிபட்டால் வழி குறுகியதாகையால் இன்னும் விரைவில் ஏறிவிடும். உயரம் குறைந்த சிறுவர்கள் முகத்தில் கடிபடுவது அதிகம் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. மூளையை எட்டிக் குறிகள் தோன்றியபின் இதைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. ஆனால் கிருமி வழி நடக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் ஊசி குத்திக்கொண்டவர் பிழைத்துக்கொள்வார்.

வெறிநாய் என்றால் வாயில் நுரை தள்ளி, கண் சிவந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். அது ஒருவகைதான். மற்றொரு வகை ஊமை வெறி. அந்நாய் யாரையும் துரத்தாது. இருட்டு மூலையில் ஒடுங்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், குரைப்பொலி கம்மிப்போகும், சோற்றை முகர்ந்து பார்த்து விழுங்க இயலாமல் விலகும். வீட்டார் அதைக் கண்டு, தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதென்று இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார்கள். துரத்தும் நாய்க்குப் பயந்து ஓடித் தப்புகிறோம்; ஊமை நாயிடம் நாமே கையைக் கொடுக்கிறோம். ஆகையால், விழுங்க முடியாத நாயின் வாயில் யாரும் கை வைக்க வேண்டாம். அதை ஓர் அறையில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்குச் சொல்லி அனுப்புக.

கடிபட்டால் முதல் வேலை, கடிவாயைச் சோப்பும் ஓடும் ஜலமும் கொண்டு 15 நிமிஷம் கழுவுவது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினும், கிருமியின் பெரும்பகுதியை இதுவே அகற்றிவிடுகிறது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், எருக்கம்பால் ஆகியவற்றை அப்புவது புண்ணை அதிகமாக்குமேயன்றி வேறு பயன் தராது. மந்திரித்துக்கொண்டு பிழைத்தவர்கள் உண்டே என்று சிலர் கேட்பர். உண்மைதான். கடிக்கும் நாய்களெல்லாம் வெறிநாய்களல்ல. வெறியில்லாத நாய் கடித்தவர் எது செய்தாலும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார். அந்தப் புகழ் மந்திரவாதிக்குப் போய்விடுகிறது. மறுமுறை கடித்தது வெறிநாயாயிருந்தால் அவரிடம் கழித்த நாட்களைத் திரும்பப் பெற இயலாது.

ஊசிக்குப் பயப்படுவோருக்கு ஒரு வார்த்தை. பாரீஸ் நகரில் பாஸ்டர் என்னும் பேரறிஞர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் இச்சிகிச்சையைச் செய்தார். இந்தியாவில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நம் நீலகிரிக் குன்னூரிலும் இதற்கென நிலையங்கள் ஏற்பட்டன. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை வயிற்றில் பல நாள் தொடர்ந்து குத்தினார்கள். அந்த வேதனையின் கதைதான் இன்றும் திண்ணைகளில் பேசப்படுகிறது. அம்மருந்து 2004-ஆம் வருஷத்தோடு நிறுத்தப்பட்டது. இப்போது புஜத்தின் தோலில் சிறு ஊசி. துவங்கும் நாளிலும், அதன்பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஆக நான்கு தடவை போனால் போதும். கடிவாயில் இரத்தம் கண்டிருந்தால் அவ்விடத்திலேயே சீரம் என்னும் மருந்தையும் குத்துவார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவ்வூசி இலவசம். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளுக்குப் பிறகும் அது சுகமாயிருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் விஷமில்லை என்று அறியலாம். ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

இவையெல்லாம் கடிபட்டபின் செய்வன. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினால் வருவதாகையால், நாயினிடத்திலேயே அதைத் தடுப்பதுதான் மலிவும் எளிதும். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு வருஷந்தோறும் தடுப்பூசி குத்திவிட்டால், வெறிகொண்ட நாய் ஒன்று வெளியிலிருந்து வந்தாலும் நோய் அவ்வூரில் பரவ வழியின்றி அடங்கிப்போகும். நாய்களைக் கொன்றால் தீராதா என்பர். முற்காலத்தில் பல ஊர்களில் அப்படிச் செய்தும் தீரவில்லை. கொன்ற நாய்களின் இடத்துக்கு அயலூர் நாய்கள் வந்துவிடும். குப்பைமேடும் கறிக்கடைக் கழிவும் உள்ள வரை அவை வந்துகொண்டேயிருக்கும். ஊசி குத்தப்பட்ட நாயைக் கொல்வது போட்ட வேலியைப் பிடுங்குவது போன்றது.

எழுபது என்ற கணக்கை ஒரு தனி வீட்டார் எட்ட முடியாது. இங்கேதான் சங்கத்துக்கு வேலை. நம் தெரு நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு எஜமானர் இல்லையெனினும் சோறு வைப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் கூப்பிட்டால் அது வரும், அவர் பிடித்தால் நிற்கும். சங்கக் காரியதரிசி தெருவாரியாகச் சென்று, நாயின் நிறம், அடையாளம், சோறு வைப்பவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு வைத்தியசாலையோடு பேசி ஒரு நாள் குறிக்கலாம். அறுவடைக் காலம் வேண்டாம். விடியற்காலையே நல்லது, வெயில் ஏறினால் நாயும் அகப்படாது, பிடிப்பவரும் அகப்படார். மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டுமாகையால் பனிக்கட்டிப் பெட்டிக்குச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசி, நான்கு வாரத்துக்குள் இன்னொன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. குட்டிதானே என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் மடியில் தூக்கி வைத்து விளையாடுவது குட்டியைத்தான்.

பால் சங்க அங்கத்தினருக்கு முக்கியமான ஒன்று. வெறிநாய் பசுவையும் கடிக்கும். பசு காரணமின்றிக் கரகரத்த குரலில் கதறினாலும், எச்சில் வடித்துத் தீனியை விட்டாலும், பின்னங்கால் துவண்டாலும் அதன் வாயிலும் கை வைக்கலாகாது. அப்பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது, காய்ச்சாமல் யாரும் குடிக்கவும் கூடாது. முன்பே குடித்திருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லி யோசனை கேட்க வேண்டும். ஆனால் கடிபட்ட அன்றே கடிவாயைக் கழுவி, மிருக வைத்தியசாலையில் தொடர் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் பசுவைக் காப்பாற்றிவிடலாம்.