கப்பல் நின்றாலும் வேலை நிற்காது!

"எங்க பொண்ணு கப்பல்ல வேலைக்குச் சேர்ந்துட்டா... அதுவும் காலேஜ் பசங்க படிக்கிற கப்பல்!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? சந்தோஷம்! ஆனால், 'ஜாலியா உலகம் சுத்தப் போறா' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சுற்றுவது மாணவர்கள். அவர்களுக்குச் சமைக்க, அறையைச் சுத்தம் செய்ய, இன்ஜினைப் பார்த்துக்கொள்ள, இரவில் காவல் இருக்கத்தான் உங்கள் பெண்ணும் பிள்ளையும்!

அமெரிக்காவில் 1963-ல் தொடங்கிய 'செமஸ்டர் அட் ஸீ' பயணங்கள் இந்த வகை. சுமார் 100 நாள் நாடு நாடாகப் போய்க்கொண்டே படிப்பு. இதற்கு ஓடிய 'எக்ஸ்ப்ளோரர்' கப்பல் நம் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்து போயிருக்கிறது.

கப்பலில் எதுவும் சொன்ன நேரத்தில் நடக்காது. துறைமுகத்தில் இடம் காலியில்லை, வழிகாட்டும் பைலட் வரவில்லை, குடியேற்ற அதிகாரிகள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள்... காரணமா இல்லை? 2005 ஜனவரியில் வட பசிபிக் கடலில் 50 அடிக்கும் மேல் எழுந்த அலை, இதே எக்ஸ்ப்ளோரரின் மாலுமி அறைக் கண்ணாடியை உடைத்து, இன்ஜினையும் முடக்கியது. கொரியாவுக்குப் போக வேண்டிய கப்பல் ஹொனலூலுவுக்குத் திரும்பியது!

தாமதம் என்றால் மாணவர்களுக்கு 'போர்' அடிக்கும், அவ்வளவுதான். ஊழியருக்கு? வெளியே சாப்பிட வேண்டிய நூற்றுக்கணக்கான பேருக்கு இன்னொரு வேளை சமையல். வாசலில் நிற்பவருக்கு 'இன்னும் ரெண்டு மணி நேரம் நில்லுப்பா.' அவள் ஆசையாகக் காத்திருந்த நாலு மணி நேர விடுப்பு அம்பேல்!

இதோடு கடிகாரமும் படுத்தும். மேற்கே போனால் சில நாட்களுக்கு 25 மணி நேரம், கூடுதலாகத் தூங்கலாம். கிழக்கே போனால் 23 மணி நேரம்தான். இப்படி ஒரு மணி நேரம் அடுத்தடுத்த நாட்களில் பறிபோனால் உடம்பு தாங்காது. நம் உடம்புக் கடிகாரத்துக்கு நாளை நீட்டுவது சுலபம், சுருக்குவதுதான் கஷ்டம்.

தூக்கம் கெட்டால் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவிகித ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமம் என்று 1997-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவோ 0.03 தான்! கொதிக்கும் எண்ணெய்க்கும் ஆடும் படிக்கட்டுக்கும் நடுவே இப்படி ஒருவர் நின்றால்..?

அதனால்தான் சட்டமே இருக்கிறது. 2013-ல் அமலுக்கு வந்து, 2015-ல் இந்தியாவும் ஏற்ற சர்வதேசக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை இப்படிச் சொல்கிறது: 24 மணி நேரத்தில் 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு. அதை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்கணும். ஆபத்து நேரத்தில் கேப்டன் இதைத் தள்ளி வைக்கலாம். ஆனால் பிறகு ஈடு செய்தாக வேண்டும். பதிவேட்டில் 'ஓய்வு எடுத்தேன்' என்று பொய்யாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதே என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் நாளைக்கு அடிபட்டால் அந்தக் காகிதம்தான் பேசும்.

கப்பல் தாமதமாகிறது என்று தெரிந்ததும் அவள் செய்ய வேண்டியது, கிடைக்கும் இடைவெளியில் 20 நிமிடம் கண்ணை மூடுவது. அதற்கு மேல் தூங்கினால் எழும்போது மந்தமாக இருக்கும். உடனே கத்தியைக் கையில் எடுக்கக் கூடாது. காபி வேண்டுமென்றால் வேலையின் தொடக்கத்தில் குடிக்கட்டும். படுக்கப் போகும் முன் ஆறு மணி நேரத்துக்குள் வேண்டாம். பகலில் தூங்க நேர்ந்தால் கறுப்புக் கண்பட்டையும் காதடைப்பும் உதவும். பெட்டியில் மறக்காமல் வையுங்கள்.

குமட்டலா? மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்க்கணும். வயிற்றைக் காலியாக விடக் கூடாது. கடல் மயக்க மாத்திரைகள் பலவும் தூக்கத்தைக் கொண்டு வருபவை. டாக்டரைக் கேட்காமல் வேலை நேரத்தில் போட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கப்பலில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் சரியாகப் பலிக்காது.

பெரிய தாமதம் ஒன்று உண்டு, ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் போவது. 2020 கொரோனாவில் சுமார் நாலு லட்சம் கடல் ஊழியர்கள் இப்படிச் சிக்கினார்கள். 'இந்தத் தேதியில் வருவேன்' என்று சொன்னால் நீங்களும் பத்து நாள் தள்ளியே கணக்கு வையுங்கள். கல்யாண முகூர்த்தத்தை அதற்கு மறுநாளே குறித்துவிடாதீர்கள்!

போன் வரவில்லையே என்று பதறி, கிடைத்ததும் "ஏன்டி இவ்வளவு லேட்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்ப அங்க மணி என்ன? தூங்கினியா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், மீதிக் கதையை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.