குழந்தைப் பொம்மைக்கு எந்த வர்ணப் பொடி?

சென்ற நவராத்திரிக்கு முன், ஒரு விடுமுறை நாளில், வில்லியனூருக்குப் போய் வர்ணம் பூசாத சுடுமண் குழந்தை ஒன்றை வாங்கி வந்தேன். தவழ்ந்தபடியே தலை நிமிர்ந்து பார்க்கும் கண்ணன். அதற்கு என் கையாலேயே வர்ணம் தீட்டி, லாஸ்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டுக் கொலுவில் வைக்கவேண்டும் என்பது ஆசை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளப் படம் வரைந்து காட்டுகிறவனுக்கு இது ஒரு பிரமாதமா என்று எண்ணி, கடையில் கிடைத்த ரோஜாச் சிவப்பையும் வெள்ளைப் பொடியையும் குழைத்துப் பூசினேன்.

“ஏங்க, இது கண்ணனா, நாடகத்து ராஜபார்ட்டா?” என்று கேட்டாள் என் மனைவி.

அத்துடன் போயிருந்தால் பாதகமில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கையின் எட்டு மாதக் குழந்தை, ஒருவரும் பாராத வேளையில் அந்தக் கண்ணனின் காலைப் பற்றி வாயில் வைத்துவிட்டது. உதடெல்லாம் சிவப்பு. வாயைத் துடைத்தபடியே தங்கை, “அண்ணா, இது என்ன பொடி?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. இந்தக் கட்டுரை அதற்கு நான் தேடிக்கொண்ட விடையே.

பொம்மைக்காரர்கள் பழைய நாளில் கையாண்ட வர்ணங்களில் கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் விஷம் கலந்தவை. ஈயச் சிந்தூரம் ஈயத்தால் ஆனது. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பொன்னிறமான அரிதாரத்தில் பாஷாணம் இருக்கிறது. நடிகர்கள் முகத்தில் பூசிய பூச்சுக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டதை எண்ணினால் சற்று நடுக்கம் உண்டாகிறது. குரோம் மஞ்சளும், பழைய ‘சபேதா’ வெள்ளையில் பெரும்பகுதியும் ஈயமே. பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் உடல், உட்கொண்ட ஈயத்தை நான்கைந்து மடங்கு ஏற்கிறது என்றும், இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஏதும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அது மூளையின் வளர்ச்சியையே கெடுப்பது.

இந்த ஆபத்தை உலகம் நேற்று அறியவில்லை. ஒரு காலத்தில் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு தேசம், கட்டடங்களுக்கு ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்க 1909-லேயே சட்டம் செய்தது. நம் நாட்டில், வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. விளையாட்டுச் சாமான்களுக்குத் தர முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பண்டங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் அக்குறியீடு பெற்றதே. ஏழைத் தொழிலாளியை நசுக்காதிருக்கச் செய்த இந்தச் சலுகை நியாயமானது. ஆயினும், சட்டம் விலகி நிற்கும் இடத்தில் பொறுப்பு முழுவதும் வர்ணம் தீட்டுகிறவர் தலையில் விழுகிறது.

அப்படியானால் எதை வாங்குவது? மறுபடி வில்லியனூர் சென்றபோது, சூளையருகே இருந்த ஒரு முதியவர் என் கதையைக் கேட்டுச் சிரித்தார். “வாத்தியாரே, மண்ணால செஞ்ச பிள்ளைக்கு மண்ணையே பூசுங்க” என்றார். எவ்வளவு உண்மை! செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்புத் துரு ஏறிய மண்ணேயன்றி வேறில்லை. வெயிலில் அவை வெளிறுவதில்லை. மஞ்சட்காவியை இரும்புச் சட்டியில் இட்டு நன்றாக வறுத்தால், கண்ணெதிரே சிவந்துவிடும். இடையிடையே சிறிது எடுத்து வைத்தால், ஒரே மண்ணிலிருந்து நான்கைந்து நிறங்கள் கிடைக்கும். வெள்ளைக்குத் துத்தநாக வெள்ளையோ டைட்டேனியம் வெள்ளையோ போதும். நீலத்துக்கு, முன்பு சலவைக்கென்று வீடுகளுக்கு வந்த அல்ட்ராமரைன் பொடி. கறுப்புக்கு விளக்குக் கரி. இந்த ஐந்துக்கு மேல் வேண்டுவதில்லை. பெயரும் சேர்க்கையும் அச்சிடாத பொட்டலத்தை, எவ்வளவு மலிவாயினும், தொடவேண்டாம். கண்ணால் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க யாராலும் இயலாது.

உயிருள்ள குழந்தையின் மேனி ஒரே நிறமன்று. அமெரிக்காவில் 1990-களிலிருந்து, மெய்யான சிசுவென்றே மயங்கச் செய்யும் பொம்மைகளைத் தீட்டும் கலை பரவியிருக்கிறது. அதன் ரகசியமெல்லாம் மெல்லிய பூச்சைப் பலமுறை இடுவதுதான். நாமும் அவ்வாறே செய்யலாம். பொடிகளை உலர்ந்தபடியே கலந்து, நன்றாக அரைத்து, வேலம்பிசின் கரைத்த நீரில் குழைக்கவேண்டும். அப்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நலம். ஈரத்தில் கருமையாகத் தோன்றும் நிறம் உலர்ந்ததும் வெளுக்குமாதலால், முதலில் ஓர் ஓட்டுச் சில்லில் பூசி, காய்ந்தபின் பார்க்கவேண்டும்.

நம் குழந்தைகளின் நிறம் மாந்தளிர். ஆகவே மஞ்சட்காவியும் வறுத்த காவியும் மிகுதியாகவும், வெள்ளை குறைவாகவும் இருத்தல் வேண்டும். கன்னம், முழங்கால், முழங்கை, குதிகால் ஆகிய இடங்களில் செங்காவி லேசாகப் படரட்டும். நெற்றிப் பொட்டின் பக்கத்தில், இருக்கிறதோ இல்லையோ என்னுமளவுக்கு நீலம். கரிய குழந்தையாயின் செங்காவியுடன் சிறிது கரி. என் ராஜபார்ட்டைக் கழுவிவிட்டு இம்முறையில் மீண்டும் தீட்டினேன். இப்போது அது எங்கள் தெருவில் தவழும் எந்தப் பிள்ளையைப் போலவும் இருக்கிறது.

ஆனாலும் அதைக் குழந்தையின் கையில் கொடுப்பதில்லை. பிசினில் குழைத்த வர்ணம் எச்சிலில் கரையும். காவியும் பூமியிலிருந்து வருவதுதானே, அதனுடன் வேறு என்ன கலந்து வந்ததென்று வீட்டில் சோதிக்க இயலாது. நம் பாட்டிமார் இதை எவ்வளவு எளிதாகத் தீர்த்து வைத்தார்கள்! படியில் இருக்கும் பொம்மைக்கு வர்ணம். கையில் கொடுக்கும் மரப்பாச்சிக்கு வெறும் செஞ்சந்தன மரமே நிறம். அடுத்த முறை தங்கை வரும்போது, கண்ணன் மேல்படியில் இருப்பான். மருமகனுக்கு ஒரு மரப்பாச்சி காத்திருக்கிறது. “இது என்ன பொடி?” என்று அவள் கேட்டால், இம்முறை என்னிடம் பதில் உண்டு.