அணைக்கரைப் பாலத்துக்குள் ஒரு கோயில் மதில்

கும்பகோணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்னைக்குப் போகும் பழைய சாலை, திருப்பனந்தாளைத் தாண்டியதும் கொள்ளிடத்தின் மேல் குறுகிய பாலமாக ஏறும். உண்மையில் அது பாலம் இல்லை, முதுகில் சாலையைச் சுமக்கும் அணை. அரசுக் காகிதத்தில் அதற்குக் கீழணை என்று பெயர். ஊர் வாயில் அணைக்கரை.

இதைக் கட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் இன்னொரு அணை. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் பள்ளம், தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்தது. காவிரி மேடிட்டுப்போக, தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே கொள்ளிடத்தை மறித்து மேலணை கட்டினார். காவிரி பிழைத்தது, சரி. கொள்ளிடத்தின் கடைசியில் இருக்கும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், சீர்காழிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் கீழணை. ஆற்றில் வந்து சேர்வதைத் தேக்கி வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களில் திருப்பிவிடுகிறது. வடவாற்றுத் தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. 2004 முதல் அங்கிருந்து குழாயில் சென்னைக்கும்.

கல்லுக்குத்தான் சிக்கல். டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல், மணல். வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் கோயில் இருந்தது. செதுக்கிய கருங்கல், தயாராக! மதிலையும் சிற்பக் கற்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து அணையில் அடுக்கினார்கள். ஊர்மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அதிகாரிகள் சொன்னார்கள். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று 1855-லேயே ஒருவர் அச்சில் எழுதிவைத்திருக்கிறார்.

அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, கடைமடைக்காரர்களின் சோறு அது. சொன்ன செங்கல்லையாவது வைத்திருக்கலாம்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துப்போயின. கீழணைக்கும் அதே வயது. இதன் மேல் கனரக வாகனங்களைத் தடுத்தபோது முணுமுணுத்தவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கிழக்கு வாசலில், கோபுரம் இடிந்து அடிப்பகுதி மட்டும் நிற்கும் இடத்தில், மதில் எங்கே என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். பழைய சாலையில் வந்தவர்கள் அதன் மேல் ஏறித்தான் வந்திருப்பீர்கள்.