ஆயிரம் டாலருக்கு 58 சென்ட்

2012 ஆகஸ்டில் ஒரு வார இறுதி நாள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஜோசஃபின் கவுன்டியிலிருந்து ஒரு பெண் அவசர எண் 911-ஐ அழைத்தார். சில வாரங்களுக்கு முன் தன்னை அடித்து மருத்துவமனையில் படுக்கவைத்தவன் இப்போது வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான் என்றார். கவுன்டியின் காவல் பணியைப் பார்க்கும் ஷெரிஃப் அலுவலகத்தில் அந்த நேரத்தில் பணியில் ஆள் இல்லை. அழைப்பு மாநிலக் காவல்துறைக்குப் போனது. அனுப்புவதற்குத் தன்னிடமும் யாரும் இல்லை என்றார் எதிர்முனையில் இருந்தவர். பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டது. அவன் உள்ளே புகுந்து அந்தப் பெண்ணைத் தாக்கினான். பிறகு பிடிபட்டு, குற்றத்தையும் ஒப்புக்கொண்டான்.

ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு வாக்கெடுப்பு. அந்த ஆண்டு மே மாதம் ஷெரிஃப், சிறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றை நடத்த, சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 1.99 டாலர் கூடுதல் வரி கேட்டு ஒரு கேள்வி வாக்குச்சீட்டில் வந்தது. 100 பேரில் சுமார் 57 பேர் வேண்டாம் என்றார்கள். பெருங்குற்றங்களை விசாரிக்கும் பிரிவு மூடப்பட்டது, ரோந்துக் காவலர்கள் வேலை இழந்தார்கள், சிறையிலிருந்து கைதிகள் வெளியே விடப்பட்டார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளாகக்கூடியவர்கள் போதிய காவல் உள்ள வேறு பகுதிக்குக் குடிபெயர்வதைப் பற்றி யோசிக்கலாம் என்று ஷெரிஃப் அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. குடிமக்களைக் காக்க வேண்டிய அலுவலகம் அவர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லும் நிலை ஒரே நாளில் வந்ததல்ல. அதன் வேர் நூறாண்டுக்கும் பழையது.

ஜோசஃபின் கவுன்டியில் 80,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மத்திய அரசின் காடு. மத்திய அரசு நிலத்துக்கு உள்ளூரில் சொத்து வரி போட முடியாது. அந்தக் காட்டில் ஒரு பகுதி, 1866-இல் ஆரிகன்–கலிஃபோர்னியா ரயில் பாதை போடுவதற்காக வழங்கப்பட்ட மானிய நிலம். குடியேறிகளுக்குக் குறைந்த விலையில் விற்க வேண்டும் என்ற நிபந்தனையை ரயில் கம்பெனி மீறியதால், 1916-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே வெட்டப்படும் மரத்தின் வருமானத்தில் பெரும்பங்கை மேற்கு ஆரிகனின் 18 கவுன்டிகளுக்குக் கொடுக்க 1937-இல் சட்டம் வந்தது. நடைமுறையில் பாதி கிடைத்தது. அந்தப் பணம் இருந்தவரை கவுன்டிகள் தங்கள் மக்களிடம் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1990-இல் இந்தக் காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1994-இல் மரவெட்டைக் கட்டுப்படுத்தும் வடமேற்குக் காடுகளுக்கான திட்டம் வந்தது. மரவெட்டு சரிந்தது, பங்குப் பணமும் சரிந்தது. வரியை மெல்ல உயர்த்திப் பழக வேண்டிய காலம் அது. ஆனால் அப்போதுதான், 1997-இல், ஆரிகன் வாக்காளர்கள் ‘மெஷர் 50’ என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். கவுன்டி, நகரம், தீயணைப்பு வட்டாரம் என ஒவ்வோர் அமைப்புக்கும் அது ஒரு நிரந்தர வரி விகிதத்தை எழுதிப் பூட்டியது. வரிக்கான சொத்து மதிப்பும் பொதுவாக ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. மரப் பணத்தின் தயவில் குறைவாக வசூலித்துவந்த கவுன்டிக்கு அந்தக் குறைந்த விகிதமே நிரந்தரமானது. ஜோசஃபினுக்கு ஆயிரம் டாலருக்கு 58.67 சென்ட். பக்கத்துக் கர்ரி கவுன்டிக்கு 59.96 சென்ட். போர்ட்லண்ட் நகரம் உள்ள மல்ட்னோமா கவுன்டிக்கோ 4.34 டாலர். மரம் வெட்டிய காலத்துக் கணக்கு, மரம் வெட்டாத காலத்தின் அரசியல் சட்டமாகிவிட்டது. இந்தத் திருத்தத்தின் மிகப் பெரிய தீங்கு இதுதான் என்பேன்.

வரி மதிப்பு 2 லட்சம் டாலர் உள்ள வீட்டுக்காரர் கவுன்டிக்குக் கட்டும் நிரந்தர வரி ஆண்டுக்கு 117 டாலர்தான். இழந்த மரப் பணத்துக்கு ஈடாக மத்திய அரசு 2000-இல் ஒரு சட்டம் இயற்றி உதவித்தொகை கொடுத்தது. அது ஆறாண்டுக்கானது. பிறகு காலாவதியாவதும், கடைசி நேரத்தில் குறைந்த தொகையோடு நீட்டிக்கப்படுவதுமாக ஓடியது. அதை நம்பி ஒரு காவலரை நிரந்தரமாக வேலைக்கு எடுக்க முடியாது.

வேண்டாம் என்று வாக்களித்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்வது அநியாயம். அவர்களில் பலர் மாறாத ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள். கவுன்டியின் தலைநகரான கிராண்ட்ஸ் பாஸ் நகரத்தார் தங்கள் காவல்துறைக்கு ஏற்கெனவே தனியாக வரி கட்டுகிறார்கள். இன்னொரு முறை ஏன் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. காட்டை வைத்திருக்கும் மத்திய அரசே பணம் தரட்டும் என்பதும் அடிப்படையற்ற வாதமல்ல. ஆனால் இந்த நியாயங்கள் எதுவும் 911 அழைப்புக்கு அனுப்ப ஓர் ஆளைத் தரவில்லை. சுமை விழுந்தது நகர எல்லைக்கு வெளியே, தொலைவில், பணமில்லாமல் வாழ்பவர்கள் மீது. 2013-இல் கேட்ட வரி 1.48 டாலராகக் குறைக்கப்பட்டது. அதே 2 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 296 டாலர். அதுவும் 51-க்கு 49 என்று தோற்றது. 2014-லும் 2015-லும் மறுபடி தோற்றது. இதற்கிடையில் சில இடங்களில் மக்களே ரோந்துக் குழு அமைத்துக்கொண்டார்கள். பயிற்சியும் அதிகாரமும் இல்லாதவர்கள் இருட்டில் குற்றவாளியைத் தேடிப் போவதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாது.

நூலகங்களின் கதையும் இதே பாதையில் போனது. 2007-இல் ஜோசஃபின் கவுன்டியின் நான்கு நூலகங்களும் மூடப்பட்டன. பக்கத்து ஜாக்சன் கவுன்டியில் 15 நூலகங்களும் மூடப்பட்டன. வடக்கே டக்ளஸ் கவுன்டியில் 2016-இல் நூலக வட்டார வரி தோற்றது. அடுத்த ஆண்டு தன் நூலகங்களை அந்தக் கவுன்டி கைவிட்டது. ஜோசஃபினில் தன்னார்வலர்கள் நன்கொடை திரட்டிக் கதவுகளைத் திறந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2017-இல்தான் ஆயிரத்துக்கு 39 சென்ட்டில் நூலகத்துக்குத் தனி வரி வட்டாரம் கிடைத்தது.

வாக்குச்சீட்டில் இருப்பது ஒரு விகிதம், ஒரு ‘ஆம்’, ஓர் ‘இல்லை’. ‘இல்லை’ என்றால் எந்தச் சேவை எந்த ஊரில் எத்தனை மணிக்கு நின்றுபோகும் என்பது அங்கே தெளிவாக இருப்பதில்லை. காவல், நூலகம், சிறை என்று துண்டு துண்டாகக் கேட்கும்போது ஒவ்வொன்றும் தள்ளிப்போடக்கூடியதாகவே தோன்றும். வெளியிலிருந்து வரும் பணத்தில் ஓடும் எந்த உள்ளாட்சியும், அந்தப் பணம் வரும் காலத்தில் தன் வரியைப் பூட்டிவிடக் கூடாது. பூட்டியவர்களுக்கு ஒரு வாக்கெடுப்பு போதுமாக இருந்தது. அதன் விளைவைச் சமாளிக்கத் தேர்தலுக்கு மேல் தேர்தல் தேவைப்படுகிறது.

2017-இல் ஜோசஃபின் மக்கள் சிறைக்கும் சிறார் நீதிக்குமான ஒரு வரியை ஒருவழியாக ஏற்றார்கள். ஆனால் நடைமுறைச் செலவுக்கான இத்தகைய வரி ஆரிகனில் ஐந்தாண்டுக்கு மேல் செல்லாது. காலம் முடிந்ததும் மறுபடி வாக்குச்சீட்டுக்குத்தான் போக வேண்டும். 58.67 சென்ட் என்ற நிரந்தர விகிதத்தை உயர்த்த கவுன்டி வாக்காளர்களுக்கே அதிகாரம் இல்லை. அதற்கு மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும்.