ஒளிந்திருக்கும் சர்க்கரை – 14: தோலுக்கு ஏற்றிய குளுக்கோஸ்

வெல்லமும் சர்க்கரைதான் என்று போன வாரம் எழுதியது நினைவிருக்கும். மறுபடி அதற்குள் போகவில்லை. இந்த வாரம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி என்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு முன், அமிர்தியில் ஒரு பெரியவர் சொன்ன விஷயம் மண்டைக்குள் புகுந்துகொண்டு இறங்க மறுக்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போனால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி. சின்ன உயிரியல் பூங்கா, உள்ளே நடந்தால் அருவி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் புளிசாதமும் பிரியாணியுமாக வந்து இறங்கும். வாசல் பக்கக் கடையில் தோரணமாகத் தொங்குபவை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். நான் போன அன்று ஒரு பாட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த வேர்க்கடலையைப் பேரனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். பையன் கண் தோரணத்தின் மேலேயே இருந்தது. கடைசியில் தோரணமே ஜெயித்தது.

பக்கத்து மர நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தார்.

“தோலுக்கே சக்கரை ஊத்துன ஆளு சார் நானு.”

“இன்னாண்ணா சொல்றீங்க?”

“மொலாசஸ் சார். ஆலையில சக்கரை எடுத்தப்புறம் கறுப்பா நிக்குமே, அது. பைகுரோமேட்டைத் தண்ணியில கரைச்சி, ஆசிட் ஊத்தி, அதுல இதைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். மொத்தமா விட்டா பொங்கி வெளிய வந்துடும். ஆரஞ்சுக் கலரு கண்ணு முன்னால பச்சையா மாறும் பாருங்க.”

அவர் சொன்னது சுத்தமான வேதியியல். பைகுரோமேட்டில் இருக்கிற குரோமியம் ஆறு இணைதிறன் கொண்டது. நச்சுத்தன்மை மிக்கது, தோலைப் பதப்படுத்தவும் உதவாது. மூன்று இணைதிறனுக்கு இறங்கினால்தான் தோலின் கொலாஜன் இழைகளைப் பிடித்துக் கட்டும். அப்படி இறக்குவதற்கு எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்க ஒரு பொருள் வேண்டும். சர்க்கரை தாராளமாக விட்டுக்கொடுக்கும், விலையும் மலிவு. அதனால் மொலாசஸ், குளுக்கோஸ், சில இடங்களில் வெல்லம் என்று எது கிடைத்ததோ அது தொட்டிக்குள் போனது. பிறகு பொடியாக மூட்டையிலேயே குரோம் உப்பு வந்துவிட்டதால் ஷாப்புக்குள் காய்ச்சுகிற வேலை குறைந்தது. ஆம்பூருக்குப் பக்கத்தில் வடபுதுப்பட்டு, வேலூருக்குப் பக்கத்தில் அம்முண்டி, வாணியம்பாடி தாண்டிக் கேத்தாண்டப்பட்டி என்று தோல் தொழில் வட்டாரத்தை ஒட்டியே மூன்று கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் எழுந்த ஊர் இது. கரும்பும் தோலும் ஒரே பாலாற்றுத் தண்ணீரைப் பங்குபோட்டுக்கொண்டு வளர்ந்தவை.

பெரியவர் எழுந்திருக்கும்போது இன்னொன்று சொன்னார். “அடித்தோலுக்கு வெயிட்டு ஏத்தக் குளுக்கோசு போடுவாங்கன்னு எங்க மேஸ்திரி சொல்வாரு. வெளிநாட்டுல நடந்த கதையாம்.”

அந்த வெளிநாட்டுக் கதையைத் தேடிப் போனதில்தான் இந்த வாரம் கரைந்தது. கதை உண்மை. செருப்பின் அடிப்பாகத்துக்கான கெட்டித் தோல் எடைக்கு விற்கப்பட்டது. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோலில் இழைகளுக்கு நடுவே இண்டு இடுக்குகள் மிச்சமிருக்கும். அவற்றுக்குள் குளுக்கோஸ் பாகையும் எப்சம் உப்பையும் ஏற்றினால் தோல் கனக்கும், தொட்டால் திண்ணென்று இருக்கும், பார்வைக்கு நிறைவாகத் தெரியும். வாங்குகிறவர் தோலின் விலையைக் கொடுத்துச் சர்க்கரை வாங்கிப் போவார். மழையில் இரண்டு நாள் நடந்தால் ஏற்றியது கரைந்து ஓடிவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் வேதியியல் பிரிவு கடைகளில் விற்ற அடித்தோல்களை எடுத்துச் சோதித்து 1913-ல் அறிக்கை வெளியிட்டது. மாதிரிகள் பலவற்றில் குளுக்கோஸும் எப்சம் உப்பும் இருந்தன.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த தகவல். அந்த வேதியியல் பிரிவு யாருடையது தெரியுமா? ஹார்வி வைலி 1912 வரை தலைமை தாங்கியது. உணவில் கலப்படத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடி, 1906-ல் அமெரிக்காவின் தூய உணவு, மருந்துச் சட்டம் வரக் காரணமாக இருந்த வைலி. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பும் இந்தப் பிரிவிடம்தான் இருந்தது. இன்று எஃப்.டி.ஏ. என்று உலகமே அறிந்த அமைப்பு அதிலிருந்து கிளைத்தது. ஜாமிலும் தேனிலும் குளுக்கோஸ் பாகைத் தேடிய அலுவலகம் செருப்புத் தோலிலும் அதையே தேடிப் பிடித்திருக்கிறது.

இப்போது அமிர்திக் கடைத் தோரணத்தைப் பாருங்கள். உணவுத் தொழிற்சாலைக்குச் சர்க்கரை எதற்கு? இனிப்புக்கு என்று மட்டும் நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். சர்க்கரை இடத்தை அடைக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ரொட்டி நாள் கடந்தும் மெத்தென்று இருக்கும். சூட்டில் பிஸ்கட்டுக்குப் பொன்னிறம் தரும். நிறையப் போட்டால் கிருமி அண்டாது, அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும். பழம், பால், பருப்பு, முந்திரி எல்லாவற்றையும்விட மலிவு. எந்த வேலைக்காகத் தோல் வியாபாரி குளுக்கோஸை ஏற்றினாரோ, ஏறக்குறைய அதே வேலைக்காகப் பாக்கெட்டுக்குள்ளும் ஏற்றப்படுகிறது. தக்காளி கெச்சப்பில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. புளிப்பும் உப்பும் மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை. குளுக்கோஸ் பிஸ்கட்டிலும் ஏறத்தாழ கால் பங்கு.

தோல் விஷயத்தில் வாங்குகிறவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. துண்டு நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு கரைந்து வருகிறது என்று எடை பார்க்கும் சோதனை இன்றும் தோல் ஆய்வகங்களில் வழக்கத்தில் இருக்கிறது. செருப்புக்குப் போகிற தோலுக்கு இவ்வளவு கவனம். பிள்ளையின் வயிற்றுக்குப் போவதை நாம் எடை பார்ப்பதே இல்லை.

பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு: சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றிலுள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ஐந்து சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களில் ஒன்று, சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவையும் மீப்பதனம் செய்த (அல்ட்ரா-ப்ராசஸ்டு) உணவையும் குறைக்கச் சொல்கிறது.

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வருவதற்குள் சமைத்து, டப்பா கட்டி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, தனக்கு ஒரு டீயோடு ஓடுவார். இடைவேளையில் டீ, நான்கு பிஸ்கட். வீடு திரும்பியதும் இன்னொரு டீ. ஒவ்வொரு டீக்கும் இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் டீயிலேயே 30 கிராம் ஆகிவிட்டது. பிஸ்கட்டில் ஐந்தாறு கிராம். ஸ்வீட் என்று ஒன்றையும் அவர் அன்றைக்குத் தொடவில்லை. “நான் ஸ்வீட்டே சாப்பிடறதில்ல, எனக்கு எப்படி சுகர் வந்தது?” என்று கேட்கும் பெண்களுக்கு நேர்மையான பதில் இந்தக் கூட்டலில் ஒரு பங்காவது இருக்கிறது. வீட்டில் பிள்ளை பிரியாணியோடு 250 மில்லி குளிர்பானம் குடித்தால் அதில் மட்டும் சுமார் 26 கிராம்.

இதைச் சொன்னால் ஆற்காடு மக்கன் பேடாவையும் கல்யாண வீட்டு பிரெட் அல்வாவையும் நிறுத்தச் சொல்கிறேனா என்று சண்டைக்கு வருகிறார்கள். இல்லை. மக்கன் பேடா இனிப்பு என்று எல்லாருக்கும் தெரியும், அதைத் தினமும் மூன்று வேளை யாரும் தின்பதில்லை. இனிப்பு என்றே தெரியாமல் தினமும் உள்ளே போவதுதான் என் கவலை.

சர்க்கரையை மட்டும் கழித்துவிட்டால் போதுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். இருபது பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மீப்பதன உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் தின்னலாம். மீப்பதன உணவின்போது ஒருவர் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. சாதாரணச் சமையலின்போது அதே அளவு இறங்கியது. சர்க்கரை அளவு சமமாக இருந்தும் பாக்கெட் உணவு கூடுதலாகத் தின்ன வைத்திருக்கிறது. நமக்கு இது ஏன் முக்கியம்? ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி நீரிழிவு உள்ள இந்தியர்கள் 10.1 கோடிப் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். இந்த எண்ணிக்கைக்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நம் கையில் இருப்பது உணவு என்பதால் அதைப் பேசுகிறேன்.

ஆவாரைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அமிர்தியை விட்டு நகர முடியாது. இந்தப் பக்கத்து வறண்ட காடு, கரம்பு எங்கும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி. குரோம் வருவதற்கு முன் தென்னிந்தியத் தோல் தொழிலே ஆவாரம்பட்டையை நம்பித்தான் நின்றது. பட்டையில் டானின் நிறைந்திருக்கும். ஆவாரையில் பதப்படுத்தி, கடுக்காயில் முடித்த தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குக் கப்பலேறின. ஜவ்வாது மலையில் இன்றும் கடுக்காய் பொறுக்குகிறார்கள். ஆங்கிலேயர் ஆவாரைக்கு இட்ட பெயரிலேயே தோல் பதனிடுவோர் இருக்கிறார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து ஆவாரையை ஓரங்கட்டியது. அதே ஆவாரைதான் சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கான ஆவாரைக் குடிநீரில் முதல் சரக்கு. ஆவாரை பூத்திருக்கும்போது சாவு ஏது என்று கேட்கும் பழமொழி நம் எல்லார் வீட்டிலும் புழங்குவது.

ஆவாரம்பூ மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஆவாரம்பூ டீயைக் குடித்துவிட்டு, அந்தத் தெம்பில் இரண்டு கிரீம் பிஸ்கட் கூடுதலாகத் தின்கிற வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அதை வன்மையாக எதிர்க்கிறேன். ஏற்றுவதை நிறுத்தாமல் இறக்குவதற்கு மருந்து தேடுவது வீண் செலவு, ஆபத்தும்கூட. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் குடிநீரையும் ஆரம்பிக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். சிறுதானிய பிஸ்கட்டும் இதே கதைதான். ஜவ்வாது மலை மக்கள் சாமையைச் சோறாகவும் கூழாகவும் சாப்பிட்டார்கள். பெயரில் சாமையை வைத்துவிட்டுப் பட்டியலில் மைதாவையும் சர்க்கரையையும் முன்னால் நிறுத்துகிற பாக்கெட் அந்தச் சாமை ஆகாது.

குறைப்பது எப்படி? டீயில் ஆரம்பியுங்கள். அரை ஸ்பூன் குறைத்து நாக்கு பழகும்வரை அங்கேயே நில்லுங்கள், பிறகு இன்னொரு அரை. இடைவேளை பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த வேர்க்கடலையோ சுண்டலோ டப்பாவில் போகட்டும். பிரியாணிக்கு மோர் போதும். சீசனில் மலைச் சீத்தாப்பழம் கூடையில் வந்து இறங்குகிறது, பத்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு வைத்திருந்த காசில் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.

பின்பக்கம் படிக்கும் பாடம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன் வாசகர்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் ‘ஆடட் சுகர்ஸ்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற, இனிப்பு என்று நீங்கள் நினைக்காத ஒரு பொருளை எடுங்கள். கெச்சப், ரொட்டி, சூப் பொடி எதுவானாலும் சரி. அந்த வரிக்கு நேரே 100 கிராமுக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்து, பொருளின் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரப் பாடத்தை உங்கள் எண்களை வைத்தே நடத்துகிறேன்.