அந்த மூன்று நிமிஷங்கள்: இளைஞர் தொடர்களும் மரணக் காட்சியும்

1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கி இருப்புப்பாதை நீண்ட நாள் முதல், ரயில்வே உத்தியோகத்தையும் அதன் இரவு பகல் முறைவேலையையும் சார்ந்தே வளர்ந்த கோவைப் போத்தனூரில், தகப்பன் இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்குமாகப் பிரிந்துபோகும் வீடுகள் இன்றும் உண்டு. அவ்வீடுகளில், பள்ளி விட்டு வந்த பிள்ளை தன் கைப்பேசியில் எந்தத் தொடரைப் பார்க்கிறது, பார்த்து முடித்தபின் எந்த மனோநிலையில் உறங்கச் செல்கிறது என்று விசாரிக்க ஒருவரும் அருகில் இல்லாமற்போவது யாருடைய குற்றமும் அன்று. ஆகையால், எங்கோ அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு தொடரைப் பற்றி எழுந்த சர்ச்சையை இங்குள்ள பெற்றோரும் சிரத்தையுடன் அறிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

அந்தத் தொடரின் பெயர் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்’. ஜே ஆஷர் என்பவர் 2007-இல் வெளியிட்ட நாவலை ஆதாரமாகக் கொண்டு, 2017 மார்ச் 31 அன்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அதன் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஹன்னா பேக்கர் என்னும் பள்ளி மாணவி தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவள் பேசிப் பதிவு செய்துவைத்த ஏழு ஒலிநாடாக்கள், தன் முடிவுக்குக் காரணமானவர்கள் என்று அவள் கருதியவர்களின் கைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேருகின்றன. நாடாவின் ஒவ்வொரு பக்கமும் ஒருவர் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு.

இத்தொடரில் மெச்சத்தக்க அம்சம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுக் கண்டிப்பது நியாயமாகாது. கொடுமை என்பது திடீரென்று ஒரு நாள் நிகழும் பெரிய சம்பவமன்று என்பதையும், ஒரு புகைப்படம், பெண்களின் அங்கங்களை மதிப்பிட்டுச் சுற்றுக்கு விடப்படும் ஒரு பட்டியல், பேச்சை நிறுத்திக்கொள்ளும் ஒரு தோழி என்று சிறிது சிறிதாகச் சேர்ந்து, கடைசியில் பாலியல் வன்முறையைக்கூட வெளியே சொல்ல முடியாத தனிமையில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்துவது என்பதையும் அது பொறுமையாகக் காட்டுகிறது. பள்ளியின் ஆலோசகரிடம் அவள் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் தவிக்கும்போது, அவர் அதன் ஆழத்தை உணராமல் நடந்ததை மறந்து மேலே செல்லும்படி புத்தி சொல்லி அனுப்பிவிடும் காட்சியை ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏனெனில் அது நமக்கும் அந்நியமான கதையன்று. 2021 நவம்பரில் கோவையில் ஒரு பள்ளி மாணவி இறந்தபோது, அவளுக்குப் பாலியல் தொல்லை தந்ததாக ஓர் ஆசிரியரும், புகார் தெரிந்திருந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளியின் முதல்வரும் போக்சோ சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் கொடுமையைப் பள்ளியில் முறையிட்ட ஒரு தலித் மாணவன் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான்; அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் பள்ளிகளில் சாதி பாராட்டுதலை ஒழிப்பது குறித்த அறிக்கையை அரசிடம் அளித்தது. நிறம், உடற்பருமன், வீட்டு வறுமை, சாதி, வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிடும் ஒரு படம் ஆகிய இவற்றால் நம் வகுப்பறைகளில் பிள்ளைகள் படும் அவமானத்தை இதே நுணுக்கத்துடன் சித்திரிக்கும் தமிழ்த் தொடர் ஒன்று வந்தால் அது பெரும் பிரயோஜனமாக இருக்கும். பள்ளிக்கூடத்தை மையமாக வைத்தே ஒரு நெடுந்தொடரை நடத்தமுடியும் என்பதை 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ முன்பே நிரூபித்திருக்கிறது.

தவறு வேறோர் இடத்தில் நேர்ந்தது. முதற்பருவத்தின் கடைசிப் பகுதியில், ஹன்னாவின் மரணம் ஏறக்குறைய மூன்று நிமிஷங்கள் ஒளிவு மறைவின்றிக் காட்டப்பட்டது. அதன் கோரத்தைப் பார்ப்பவர் எவரும் அதைப் பின்பற்ற விரும்பமாட்டார் என்பதே தயாரித்தவர்களின் எண்ணம். அந்த எண்ணம் நேர்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் நேர்மையான எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1981-இல் மேற்கு ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி, ‘ஒரு மாணவனின் மரணம்’ என்று பொருள்படும் ஆறு பகுதித் தொடரை ஒளிபரப்பி, மறு வருஷம் மீண்டும் ஒளிபரப்பியது. அதை ஆராய்ந்த ஷ்மிட்கே, ஹெஃப்னர் என்னும் இரு அறிஞர்கள், கதாநாயகனை ஒத்த பிராயமுள்ள ஆண்பிள்ளைகளிடையே தற்கொலைகள் கணிசமாகப் பெருகியதை 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள்.

அமெரிக்காவிலும் அந்த ஐயம் விரைவிலேயே எழுந்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடர் வெளிவந்ததை அடுத்த ஏப்ரல் மாதத்தில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரின் தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததைவிட 28.9 சதவீதம் உயர்ந்திருந்ததாகக் கூறியது. அதே கணக்குகளை மறுபரிசீலனை செய்த வேறோர் ஆய்வாளர், தொடரின் பங்கை அவ்வளவு உறுதியாக நிர்ணயிக்க இயலாது என்று வாதித்தார். விஞ்ஞானிகளிடையே அந்த விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் நியூசிலாந்தின் தணிக்கை அதிகாரிகள், பதினெட்டு வயது நிரம்பாதோர் பெரியவர் துணையுடனேயே பார்க்கவேண்டும் என்னும் புதிய தரவகையை 2017-இலேயே இதற்காக ஏற்படுத்தினார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமும் 2019 ஜூலையில் மருத்துவ நிபுணர்களின் ஆலோசனைப்படி அந்தக் காட்சியை நீக்கிவிட்டது.

காட்சியை நீக்கியதோடு தோஷம் முழுவதும் நீங்கிவிட்டதா என்றால், இல்லை என்பதே என் பதில். ஒரு பிள்ளை திரையிலுள்ள பாத்திரத்தைத் தன்னோடு ஒன்றுபடுத்திக்கொண்டு பார்க்கும்போது, எப்படி இறந்தாள் என்பதோடு, இறந்ததனால் என்ன பெற்றாள் என்பதையும் மனத்தில் வாங்கிக்கொள்கிறது. உயிரோடிருந்தபோது ஒருவரும் செவிகொடுக்காத ஹன்னாவின் குரலை, இறந்தபின் ஊரே கேட்கிறது, அலட்சியப்படுத்தியவர்கள் அழுகிறார்கள், குற்றவாளிகள் நடுங்குகிறார்கள், அவள் பதின்மூன்று பகுதிகளிலும் திரையில் தோன்றிப் பேசிக்கொண்டேயிருக்கிறாள். ‘நான் போனபிறகுதான் இவர்களுக்குப் புத்தி வரும்’ என்று மனம் நொந்த பிள்ளைகள் பலருக்கும் ஒரு கணமேனும் தோன்றும் எண்ணத்துக்கு, இந்தக் கதை தன் அமைப்பினாலேயே சாட்சியம் சொல்லிவிடுகிறது. இறந்தவர் மன்னிப்பையும் கேட்பதில்லை, நீதியையும் காண்பதில்லை என்ற சத்தியம் அதில் மறைந்துபோகிறது. நம் சின்னத்திரையில், தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனை வராந்தாவில் குடும்பமே கூடி நின்று மனம் மாறுவதாக எத்தனையோ முறை வந்திருக்கும் திருப்பமும் இதே பாடத்தைத்தான் புகட்டுகிறது. கொடுமையைச் சொல்ல எவ்வளவு விவரம் வேண்டுமோ அவ்வளவும் சொல்லட்டும். மரணத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், அதற்கு வெகுமதி எதுவும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திரை, நாடகக் கலைஞர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டி ஏறத்தாழ இதையே கூறுகிறது: முறையைக் காட்டாதீர்கள், ஒரே ஒரு காரணத்தைக் கற்பிக்காதீர்கள், இடரைத் தாண்டி வாழ்ந்த பாத்திரங்களைக் காட்டுங்கள். வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தற்கொலை எண்ணம் வந்தும் அதைக் கடந்து மீண்டவர்களின் செய்திகள் உயிர்காக்கும் தன்மையுடையவை என்று கண்டது. மோட்சார்ட்டின் இசைநாடகத்தில், சாகத் துணிந்தும் மூன்று சிறுவர்களின் வார்த்தையால் மனம் மாறும் பாப்பகேனோவின் பெயரை அந்த விளைவுக்கு இட்டார்கள். இந்தியாவிலோ, 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், பிள்ளைகள் பார்த்துப் பின்பற்றக்கூடிய அபாயச் செயல்களைக் காட்டும் இணையத் தொடர்களுக்கு உயர்ந்த வயதுத்தரம் அளிக்கவேண்டும் என்று விதிக்கின்றன. தனியே கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் அந்தத் தரக்குறி எவ்வளவு செல்லுபடியாகும் என்பது பெற்றோர் அறிந்ததே.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர் 13,044 பேர். இத்துணை மரணங்களையும் ஒரு தொடரின் தலையில் சுமத்துவது அபத்தம். ஆனால் இவற்றுள் பல தடுக்கத்தக்கவை. ‘தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்’ வெளிவந்த அதே 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொங்கு நாட்டுக் கோபிசெட்டிபாளையத்தைச் சேர்ந்த அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், பொதுத்தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார். தேர்வில் தவறியவர்கள் ஒரு வருஷம் காத்திராமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் துணைத்தேர்வும் பல பிள்ளைகளின் அவமானத்தைச் சுருக்கியது. விளம்பரமின்றி உயிர்காக்கும் இத்தகைய ஏற்பாடுகளையும் ஒரு தொடர் கதையாக்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் பிள்ளைக்குள் புகுந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. கேட்பதனால் பெரும்பாலும் பாரம் குறைகிறது என்பதே மனநல வைத்தியர்களின் அனுபவம். “ஏங்கண்ணு, மொகம் ஒரு மாதிரியா இருக்குதே, பள்ளிக்கூடத்துல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று தொடங்கி, செத்துப்போகத் தோன்றியதா என்றுகூடப் பதறாமல் கேட்கலாம், பதில் வரும்வரை புத்தி சொல்லாமல் காத்திருக்கவேண்டும். பிள்ளை ஆமென்று சொன்னால் தனியே விடாமல் உடனிருந்து உதவி தேடவேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104, குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் குறைகளுக்கு 14417. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய சிநேகா அமைப்பின் தொலைபேசி 044-24640050. இவ்வெண்களில் பிள்ளைகள் தாமே அழைத்துத் தமிழில் பேசலாம்.